நெட்ராவுக்கு இரண்டு கற்கள்

நெட்ரா ஓக்கர்லண்டின் பெயர் எங்கள் ஊர் இடுகாட்டில் நாற்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. நெட்ரா உயிரோடுதான் இருக்கிறாள். காலையில் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டுத் தபால் நிலையம்வரை நடப்பாள். வாய்க்கால் தண்ணீரை யார் முறைதவறித் திருப்பினார்கள் என்று வழியில் யாரோடாவது சண்டை போட்டுவிட்டுத்தான் திரும்புவாள்.

அந்தப் பெயரைக் கல்லில் வெட்டவைத்தவர் அவளுடைய முதல் மாமனார். பத்தொன்பது வயதில் டெல்மர் என்ற பையனை அவள் எங்கள் சபையின் ஆலயத்தில் மணந்தாள். அங்கே நடக்கும் கல்யாணம் சாவோடு முடிவதில்லை. கணவனையும் மனைவியையும் மறுமைக்கும் சேர்த்து முத்திரித்துவிடுவார்கள். அந்தக் கோடையிலேயே வைக்கோல் வண்டி கவிழ்ந்து டெல்மர் இறந்தான். அவன் அப்பா இரட்டைக் கல் ஒன்று நிறுத்தினார். நடுவில் ஆலயத்தின் படம், ஒரு பக்கம் டெல்மர், மறுபக்கம் நெட்ரா, அவள் பிறந்த வருடம், பக்கத்தில் ஒரு சிறு கோடு. கோட்டுக்கு அப்பால் வழவழப்பான வெற்றிடம்.

பிறகு அவள் தேய்ன் ஓக்கர்லண்டைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாணம் தேய்னின் அம்மா வீட்டு முன்னறையில் நடந்தது. ஆண் மனைவியை இழந்தால் இன்னொருத்தியையும் தன்னோடு முத்திரித்துக்கொள்ளலாம். பெண்ணுக்கு உயிரோடு இருக்கும்வரை ஒருவன்தான். அதனால் தேய்னுக்கு அவள் இந்த உலகத்துக்கு மட்டும் மனைவி. அவர்களுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளும் மறுமையில் டெல்மருக்குச் சேர்ந்தவர்கள் என்பது சபையின் போதனை. தேய்ன் பள்ளிப் பேருந்து ஓட்டினான். பிள்ளைகளின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும்போது, “டெல்மரு புள்ளைங்களுக்கு நான் காத்தடிச்சுக்கிட்டு இருக்கேன்” என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நெட்ரா சிரித்ததில்லை.

போன வசந்தத்தில் தேய்ன் புற்றுநோயில் இறந்தான். அடக்கம் முடிந்து சபைக் கூடத்தில் சாப்பாடு. சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கும் பன்றித்தொடையும் பச்சை ஜெல்லியும் வழக்கம்போல வந்திருந்தன. டெல்மரின் அண்ணன் லமாண்ட், முன்பு ஊர்ச் சபைக்குப் பிஷப்பாக இருந்தவர், நெட்ராவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தேய்ன் நல்ல காவல்காரன்மா. டெல்மரோட குடும்பத்தைப் பத்திரமா பாத்துக்கிட்டான். மேல டெல்மர் அவனுக்கு நன்றி சொல்லியிருப்பான்.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். நெட்ரா தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

மறுவாரம் நான் வேலை பார்க்கும் கல்லறைக்கல் கடைக்கு வந்தாள். எழுத்துகளைக் கணினியில் அமைப்பது என் வேலை.

“ரெண்டு வேலை இருக்கு. தேய்னுக்கு ஒரு கல். டெல்மர் கல்லுல இருந்து என் பேரைத் தேச்சு எடுக்கணும்.”

பழைய கல்லும் இடமும் லமாண்டின் பேரில் இருந்தன. அவர் சம்மதிக்காமல் உளி வைக்க முடியாது என்றேன்.

“கூப்புடு அவரை. என் மகளையும் கூப்புடு. நாளைக்கு என்னைப் பொதைக்கப் போறவ அவதான்.”

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். மூத்த மகள் ஜோலீன் பக்தி மிகுந்தவள். மாதம் தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள். லமாண்டை அவள் சிறு வயதிலிருந்தே பெரியப்பா என்றுதான் அழைத்தாள்.

“கல்லைத் தேய்க்கலாம் நெட்ரா. மேல கட்டின முடிச்சை எந்த மிஷினை வச்சுத் தேய்ப்பே?” என்றார் லமாண்ட்.

“அஞ்சு மாசம் கூட அவனோட குடித்தனம் பண்ணல. அவனுக்குக் காபி பிடிக்காதுன்றதைத் தவிர எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல.”

“நம்ம சபையில யாருமே காபி குடிக்கக் கூடாதே.”

“அதான் சொல்றேன். அவ்வளவுதான் தெரியும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டேன்.

“கொஞ்சம் பொறும்மா,” என்றாள் ஜோலீன். “நீ போனப்புறம் அப்பாவோடயும் உன்னை முத்திரிக்கலாம். இப்ப விதி அப்படித்தான் இருக்கு. நானே ஆலயத்துல உனக்குப் பதிலா நின்னு செய்றேன். மேல போய் நீ யாரோட இருக்கணும்னு முடிவு பண்ணிக்கலாம்.”

“அப்ப நான் விரும்பின புருஷனோட இருக்க நான் சாகணும். ஆம்பளைங்க உசுரோட இருக்கும்போதே ரெண்டு பேரைக் கட்டிக்கலாம். இந்தக் கணக்கை எழுதினது கடவுளா, லமாண்டா?”

“வாயை அடக்கு, நெட்ரா.”

“நாப்பது வருஷமா அடக்கினேன். தேய்னும் அடக்கினான். தன் புள்ளைங்களையே இரவலா வளக்குறோம்னு நெனச்சுக்கிட்டே செத்தான். கடைசி வாரம் என்ன கேட்டான் தெரியுமா? ‘அங்க போனா நான் எந்த வீட்டு வாசல்ல நிக்கணும்?’னு கேட்டான். அப்படி ஒரு நல்ல மனுஷனை நிக்கவைக்கிற சொர்க்கம் எனக்கு வேணாம்.”

ஜோலீனின் முகம் வெளுத்துவிட்டது. அப்பா அப்படிக் கேட்டது அவளுக்குத் தெரியாது.

லமாண்ட் எழுந்தார். “என் தம்பி கல்லுல யாரும் கை வைக்கக் கூடாது” என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

“சரி, வச்சுக்கோங்க. பேரு அங்க இருக்கட்டும், நான் இருக்க மாட்டேன்” என்றாள் நெட்ரா. பிறகு என் பக்கம் திரும்பினாள். “தேய்ன் கல்லுல பக்கத்துலயே என் பேரைப் போடு. ஆலயப் படம் வேணாம். அவன் ஓட்டின பஸ்ஸைப் போடு. கீழ, ‘முன்னறையில் மணந்தவர்கள்’னு எழுது.”

லமாண்ட் கதவருகில் நின்றார். “நீ செத்தப்புறம் சபை உனக்காகச் செய்ய வேண்டியதைச் செய்யும். உன்னைக் கேட்டுக்கிட்டு இருக்காது.”

“கேக்கணும். செத்தவங்களுக்காக இங்க எந்தச் சடங்கைச் செஞ்சாலும், ஏத்துக்கறதும் தள்ளிவிடுறதும் அந்த ஆவியோட இஷ்டம்னு நீங்கதானே ஞாயித்துக்கிழமை பாடம் எடுத்தீங்க? முன் வரிசையில உக்காந்து கேட்டவ நான். அங்க என் பேரைக் கூப்பிட்டா வேணாம்னு சொல்லுவேன். எத்தனை தடவை கூப்பிட்டாலும் சொல்லுவேன். ஜோலீன், நீயே எனக்குப் பதிலா நின்னாலும் சொல்லுவேன். பின்னாடி வருத்தப்படாதே.”

லமாண்ட் தொப்பியை வைத்துக்கொண்டு வெளியே போனார். அவருடைய வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

ஜோலீன் கைப்பையின் பிடியை முறுக்கிக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை என் மேசைக்கு அருகே இழுத்துத் அதற்குள் நான் திரையில் வைத்திருந்த பேருந்துப் படத்தைப் பார்த்தாள்.

“சக்கரம் சின்னதா இருக்கு,” என்றாள். பிறகு, “பின்பக்கம் புள்ளைங்க பேரு போடுவீங்கல்ல?”

“போடுவோம்.”

“போடுங்க. மூணு பேரும். ஓக்கர்லண்ட்னு முழுசா போடுங்க. நான்தான் மூத்தவ, என் பேரு முதல்ல.”

நெட்ரா அவளைப் பார்க்கவில்லை. மாதிரிக்காக அடுக்கியிருந்த கிரானைட் துண்டுகளில் கருப்பு ஒன்றை எடுத்து, நகத்தால் சுரண்டிப் பார்த்து, “இது தேயாதுல்ல?” என்று என்னைக் கேட்டாள்.