பன்னிரண்டு மணிக்கு மேல் பேசலாம்

வெள்ளைக்காரர்களைப் பற்றி எங்கள் மாமாவுக்குத் தெரியாதது ஒன்றுமே கிடையாது. பாண்டியில் ஒரு ஓட்டலில் அறை கூட்டிப் படுக்கை விரிக்கிற வேலை அவருக்கு. ஆனால் செலியமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டால் போதும், பிரான்சுக்கே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர் கணக்காகப் பேசுவார். அதனால்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு பிரெஞ்சுக்கார அம்மா வரப்போகிறார் என்றதும், அப்பா முதல் வேலையாக அம்மாவின் தம்பியான அவருக்குப் போன் போட்டார்.

வந்த மாமா சும்மா வரவில்லை. வாடகைக்கு ஒரு நாற்காலி, ஒரு மேசை, இரண்டு ஸ்பூன், ஒரு பெட்டி தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். எங்களை உட்கார வைத்துப் பாடமும் எடுத்தார்.

"வயசக் கேக்கக் கூடாது. புருஷன் இன்னா பண்றாருன்னு கேக்கவே கூடாது. சோத்தப் போட்டு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு உயிர வாங்கக் கூடாது. முக்கியமா அக்கா, இந்த ராகு காலம், எமகண்டம், பல்லி கத்திச்சு, இதெல்லாம் அவங்க எதிர்ல வாயே தொறக்காத. நம்மளக் காட்டுக்கூட்டம்னு நெனச்சிடுவாங்க."

இது அம்மாவைக் குறிவைத்துச் சொன்னது. எங்கள் வீட்டில் ராகு காலம் பார்க்காமல் ஊறுகாய் கூடப் போட மாட்டார்கள். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்றைக்கு, அது முடியட்டும் என்று கேட்டுக்கு வெளியே வெயிலில் நிறுத்தி வைத்தவள் அம்மா. அதற்குள் என் பிளாஸ்கில் இருந்த தண்ணீரையெல்லாம் நான் குடித்துத் தீர்த்துவிட்டேன். தம்பி சொல்லி முடித்ததும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இத்தனை அமர்க்களமும் நான்கு துணிப்பைகளுக்காக. அப்பா வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு, ஏழெட்டுப் பெண்களை வைத்துப் பை தைக்கிற தொழில் செய்துவந்தார். அந்த வருஷம் மழைக்குப் பிறகு ஆர்டர் என்று ஒன்றுமே வரவில்லை. அந்தம்மாவுக்கு அவர் ஊரில் கடை இருந்தது. மாதிரிக்கு நான்கு பை தைத்து வையுங்கள், வந்து பார்க்கிறேன், பிடித்திருந்தால் வருஷம் முழுக்க நீங்களே தைத்துக் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் அப்பா மறுபடியும் திருப்பூர் கம்பெனிக்கே போய்விடுவார். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, கதவுக்குப் பின்னால் நின்று நானே கேட்டேன். எனக்கு ஐந்து வயது ஆகும்வரை அப்பா அங்கேதான் இருந்தார். ஒரு பொங்கலுக்கு வந்து வாசலில் நின்றவரைப் பார்த்து, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று கத்தினேனாம். அதைச் சொல்லிச் சொல்லி எங்கள் சொந்தமெல்லாம் சிரிக்கும். அப்பா மட்டும் சிரித்துப் பார்த்ததில்லை.

அவர்கள் பேசுவதை மொழிபெயர்ப்பது யார் என்றால் நான்தான். பாகூரில் இங்கிலீஷ் மீடியத்தில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். மாமாவின் இங்கிலீஷ் "எஸ் மேடம், டவல் மேடம்" என்பதோடு நின்றுவிடும் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரியவந்தது. வியாழக்கிழமை என்பதால் அன்றைக்கு உண்டான வெள்ளைச் சீருடையைப் போட்டுவிட்டு, பள்ளிக்கு லீவு சொல்லி, அழுக்குப் படாமல் நில்லுடி என்று நடுவீட்டில் நிறுத்திவிட்டார்கள். எனக்கா, ஒரு இடத்தில் கால் தரிக்காது. உட்கார்ந்தால் கசங்கும், வெளியே போனால் மண். நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

காலையிலிருந்தே கரண்ட் இல்லை. பைக்கு உள்ளே வைத்துத் தைக்க மதகடிப்பட்டிலிருந்து வர வேண்டிய உள்துணி முந்தின நாள் இருட்டின பிறகுதான் வந்து சேர்ந்தது. கொட்டகை மெஷின்களெல்லாம் மோட்டாரில் ஓடுகிறவை, அதனால் பூட்டிக் கிடந்தன. அம்மா ஒரு மூட்டையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அத்தையிடம் ஓடினாள். அந்த அத்தை எங்கள் கொட்டகையில் தைக்கிறவர், அவர் வீட்டில் பழைய மிதி மெஷின் ஒன்று உண்டு. என்னம்மா என்று நான் கேட்டதற்கு, "அத்தைக்குப் பாவாட தெக்கணுமாம், உனுக்கு இன்னாடி?" என்று எரிந்து விழுந்தாள். அதற்கு முன்புதான் அப்பா போனில் "ரெடி மேடம், எல்லாம் ரெடி" என்று சொல்லியிருந்தார். அப்பா சொன்னால் சரிதான் என்று நானும் நம்பினேன்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன அந்தம்மா பத்து மணிக்கே வந்துவிட்டார். "பத்துன்னா பதினொன்றர ஆவும்பா" என்று அதுவரை தெம்பாக இருந்த அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தார். சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

அந்தம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். கை கூப்பினார். மாமாவின் நாற்காலியை ஏறெடுத்தும் பார்க்காமல், அம்மா விரித்த பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எனக்கென்று கலர் பென்சில் டப்பா ஒன்றை வலது கையால் நீட்டினார். நான் ஆசையில் இடது கையை நீட்டினேன், அம்மா முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினாள். பிறகு அந்தம்மா அம்மாவைப் பார்த்து, எத்தனை பிள்ளைகள், பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணமா, காதலித்துக் கட்டிக்கொண்டதா, மாமியார் நல்லவரா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். தன் புருஷன் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது, பையன் போனே செய்வதில்லை என்றும் சொன்னார். நான் சொன்னதைக் கேட்டு அம்மா நிஜமாகவே "ஐயோ பாவமே" என்றாள். மாமா பாவம், ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

அதன்பிறகு ஆரம்பித்தது அவஸ்தை. அந்தம்மா பையைப் பற்றிப் பேச்செடுத்தால் அப்பா "டீ மேடம்" என்பார். டீ முடிந்ததும் இளநீர் வந்தது. இளநீர் முடிந்ததும் கன்றுக்குட்டியைக் காட்டினோம். கன்றுக்குட்டி முடிந்ததும் நான் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பையை எடுத்துவந்து காட்டச் சொன்னார்கள். அப்பா வாசலுக்குப் போவார், வருவார், பின்கட்டுக்குப் போவார், வருவார். பக்கத்து வீட்டில் மிதி மெஷின் கடகடவென்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அது நிற்கும்போதெல்லாம் அப்பாவும் நின்றார். பையைக் காட்டித் தொலைத்தால் என்ன, ஏன் இப்படி ஆளாளுக்குச் சுற்றுகிறார்கள் என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

பதினொன்றைத் தாண்டியதும் அந்தம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடலூரில் இன்னொருவர் பையோடு காத்திருக்கிறார், மதியத்துக்குள் அங்கே போக வேண்டும் என்றார். பிறகு என் தோளில் கை வைத்து, உங்கப்பாவுக்கு என்னோடு தொழில் செய்ய விருப்பம் இல்லையா, நிஜத்தைச் சொல் என்று மெல்லிய குரலில் கேட்டார்.

எனக்குத் திருப்பூர் பஸ் கண்ணெதிரே வந்து நின்றது. அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, அவங்க போறாங்களாம்மா! கடலூர் போறாங்களாம்!"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா டேப்பைப் பார்த்தார். வீட்டுக்கு வந்தவரிடம் வேலை முடியவில்லை என்று நேருக்கு நேர் சொல்ல அவருக்கு வாய் வராது. அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதே இல்லை. கடைசியில் அம்மாதான் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"இப்ப ராகு காலம். பன்னண்டு மணிக்கு மேலதான் தொழில் பேசுவோம்னு சொல்லுடி."

"அக்கா!" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். "மானத்த வாங்காத அக்கா!"

"நீ சும்மா இர்றா. போய்ச் சொல்லுடி."

எனக்கோ உயிர் வந்தது. இவ்வளவுதானா! ராகு காலத்துக்காகத்தான் இத்தனை நேரமும் சுற்றினார்களா? ஓடிப்போய் எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி விளக்கினேன். தினமும் ஒரு கெட்ட நேரம் உண்டு, அதில் எதைத் தொடங்கினாலும் விளங்காது, அப்பாவுக்கு உங்களை ரொம்பப் பிடித்திருக்கிறது, நேரத்துக்குத்தான் பிடிக்கவில்லை, பன்னிரண்டு மணிக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அந்தம்மா நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். பக்கத்து வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். வெளியே போய்க் கடலூர்க்காரருக்குப் போன் செய்து, இன்றைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டு வந்து மறுபடி பாயில் உட்கார்ந்தார்.

பன்னிரண்டு அடித்துச் சற்று நேரம் கழித்து மெஷின் நின்றது. தட்டில் மஞ்சளும் பூவும் வைத்து, நான்கு பைகளையும் அடுக்கி, பின்கட்டு வழியாக அம்மா கொண்டுவந்தாள். கரி இஸ்திரிப் பெட்டியின் சூடு இன்னும் பைகளில் இருந்தது. அந்தம்மா மேலே இருந்த பையில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு உள்ளே வெளியே திருப்பிப் பார்த்தார், கைப்பிடியை இழுத்தார், தொங்கிக்கொண்டிருந்த ஒரு நூலைக் கிள்ளி எடுத்தார். ஒன்றில் கைப்பிடி கொஞ்சம் நீளம் என்றார். அப்பா சட்டென்று கழுத்திலிருந்து டேப்பை உருவி அளந்து, ஆமாம் என்று தலையாட்டினார். மற்றபடி நன்றாக இருக்கிறது, ஆர்டர் உங்களுக்குத்தான் என்று அந்தம்மா சொன்னதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அப்பா என்னைத் தூக்கிவிட்டார். வெள்ளைச் சீருடை கசங்கிப்போனது, யாரும் திட்டவில்லை.

ஒரு மணிக்கு இலை போட்டார்கள். மாமாவின் ஸ்பூன் கேட்பாரற்றுக் கிடக்க, அந்தம்மா கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். அம்மா இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உயிரை வாங்கினாள், அவரும் வாங்கிக்கொண்டார். பாதிச் சாப்பாட்டில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாங்க?" என்றார் அப்பா.

"மிச்சப் பேச்சையெல்லாம் ஒன்றரைக்குள்ள முடிச்சிடலாமாம். அதுதான் நல்லதாம்."

அம்மாவின் கையில் இருந்த குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. அப்பா மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். மாமா விட்டத்தைப் பார்த்தார். நான்தான் அந்தம்மாவின் அறியாமையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். இல்லை மேடம், ராகு காலம் பன்னிரண்டோடு முடிந்துவிட்டது, இனி சாயங்காலம் வரை பயமே இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். அந்தம்மா, ஓ, அப்படியா, எனக்குத் தெரியாதே என்று எனக்குத் தலையாட்டிவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. குழம்புக் காரம் என்று நினைத்தேன்.

மறுநாள் பள்ளியில் இதே பேச்சு. வெள்ளைக்காரர்களுக்கு நம் வழக்கம் ஒன்றும் தெரியாது, நான்தான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன் என்று கிளாஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அப்பா திருப்பூர் போகவில்லை. அந்தம்மாவும் வருஷா வருஷம் வந்தார், வந்தால் அம்மாவோடு அடுப்படியில்தான் உட்காருவார்.

வியாழக்கிழமைகளில் ராகு காலம் ஒன்றரை மணிக்குத்தான் பிறக்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அந்தம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது.