குர்ஷித் பேகத்தின் கையில் பிறை

குர்ஷித் பேகம் வளையல் விற்றாள். திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து காலை பஸ்ஸில் கூடையோடு செம்பட்டிக்குப் போய், சுற்றுப்பட்டி ஊர்களில் நடப்பாள். கணவர் நூர் முகமது ஜட்கா ஓட்டினார்.

1957 தை மாதம், அதில் ஓர் ஊரில் கருப்பம்மாள் என்பவள், தன் மகளின் வளைகாப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது, வளையல் பார்க்கக் கூப்பிட்டாள். குர்ஷித் கூடையை இறக்கியதும் அவளுடைய வெறும் நெற்றியில் கருப்பம்மாளின் கண் நின்றது.

"தப்பா நெனக்காத தாயி. புருசன் இல்லாதவ கையால புள்ளைக்குப் போட ஏலாது."

"எங்க வீட்டுக்காரரு நல்லா இருக்காரு. நாங்க முஸ்லிம், பொட்டு வைக்க மாட்டோம்."

முந்தானைக்குள் கிடந்த கருகமணியை இழுத்துக் காட்டினாள். தாலி மாதிரி அவர்களுக்கு அதுதான்.

"பாசி நல்லாருக்கே. இதுவும் விக்கிறியா?" என்றாள் கருப்பம்மாள்.

குர்ஷித்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே செம்பட்டிச் சந்தைக்குப் போய், பச்சை குத்தும் குறத்தியிடம் முன்கையை நீட்டினாள். "பார்த்ததும் முஸ்லிம்னு தெரியணும். பிறையும் நட்சத்திரமும் குத்து."

குறத்திக்குத் தேளும் கோலமும்தான் கைப்பழக்கம். பிறைக்கு எப்படியோ ஒரு பிடி வந்துவிட்டது.

மறுநாள் களத்துமேட்டில் ஒருத்தி, "அருவா குத்திருக்கியே, அறுப்புக்கு வாரியா?" என்று கேட்டாள்.

வீட்டில் நூர் முகமது அந்தக் கையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"முஸ்லிம்னு தெரியறதுக்காக குத்திக்கிட்டேன்."

"பச்சை குத்துறதே நமக்கு ஹராம்டி."

அவளுக்கு அது தெரியாது. எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தாள், தோல்தான் எரிந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் நூர் முகமது போய்ச் சொன்னார். ஹஜ்ரத் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தெரியாமச் செஞ்சது. அல்லாகிட்ட மன்னிப்புக் கேட்டு தௌபா செய்யச் சொல்லு. தோலை உரிச்சிக்க வேணாம்" என்றார்.

வளைகாப்பன்று விடியும் முன்பே நூர் முகமது குர்ஷித்தை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கருப்பம்மாள் வீட்டு வாசலில் இறங்கி, "நான்தாம்மா இவ புருசன்" என்றார்.

கருப்பம்மாள் அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். "உசுரோடதான் இருக்காரு. ஆனா இருமுறாரே."

"ரோட்டுத் தூசிம்மா."

எல்லோரும் பார்க்கும்படி அவரைப் பந்தலில் உட்காரவைத்தாள். "கடைசி வளையல் ஏறுற வரைக்கும் எந்திரிச்சிராதீக பாய்."

குர்ஷித் அவசரமில்லாமல் வளையல் போட்டாள். அவருக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் வந்தன. போவதற்குள் இன்னும் இரண்டு வீட்டார் வந்து, "பாயையும் சேத்துக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு வளைகாப்பு என்றால் இருவரும் சேர்ந்தே போனார்கள். 1964-ல் நூர் முகமது காய்ச்சலில் படுத்தபோது, ஒரு வீட்டில் அவர் எழும்வரை வளைகாப்பு நாளையே தள்ளிவைத்தார்கள்.