அப்பாவின் குரல்

வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது. மகளின் கடைசிப் பரீட்சை வீட்டிலேயே, லேப்டாப்பில். கண்காணிப்பாளர் கேமரா வழியாக வீட்டைப் பார்ப்பார் என்று அவள் சொன்னதும், அப்பா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். அவள் அறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்தபோது, "வணக்கம் சார்! இவளோட அப்பா!" என்று கும்பிட்டார்.

"அறையில வேற யாரும் இருக்கக் கூடாது. இன்னொரு குரல் கேட்டா பரீட்சை ரத்து," என்றார் கண்காணிப்பாளர்.

அப்பா சத்தமில்லாமல் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தார்.

"என்ன மாமா, மாப்பிள்ளைக் கோலம்? வீட்டுல துரத்திட்டாங்களா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வேறு நாளாக இருந்தால் தெருவே அதிரும்படி பதில் கிடைத்திருக்கும். அன்று உதட்டில் விரலை வைத்துக் கதவைக் காட்டினார். இத்தனை வருஷம் 'படி, படி' என்று கத்தியவர், இனி அவள் படிப்புக்குத் தன்னால் ஆகக்கூடியது இவ்வளவுதானா என்று யோசித்தார்.

கதவு திறந்தது. "முடிஞ்சுதுப்பா, நல்லா எழுதியிருக்கேன். கோபமா? உள்ள வாங்க."

"கோபம் என்ன கோபம்?" என்று படியில் நகர்ந்து இடம் கொடுத்தார். "நீ வெளிய வா. என்ன கேட்டாங்கன்னு சொல்லு."