தேறாத விரிப்புகள் எங்களுக்கு

என் மனைவியின் அக்காள் தோளில் கிடந்த டவலை நான் கைநீட்டி உருவி எடுத்தேன். கடலாடிவிட்டு வந்து, ஈரத்தலையோடு எங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். அந்த டவலும் அந்தக் கட்டிலும் விருந்தினருக்கானவை என்பது நான் சொன்ன காரணம். செய்தது தவறு என்பது அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் நாளாயிற்று.

இந்தக் கரையில் இப்போது பலரும் வீட்டை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விடுகிறார்கள். என்ன விரிப்பு வாங்கலாம், எந்த டவல் தாங்கும் என்று சில இளைஞர்கள் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1. கடல் தெரியும் அறை

நான் பட்டப்படிப்பு முடித்து ஓட்டல் வேலைக்குப் போனவன். மதுரையில் தொடங்கி, வளைகுடாவில் சில காலம், பிறகு சென்னை. எல்லா இடத்திலும் அறைகளையும் படுக்கைகளையும் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்கீப்பிங்தான். அந்தத் தொழிலில் யாரும் நம்மைக் கூப்பிட்டுப் பாராட்டுவதில்லை. கம்ப்ளைண்ட் வராத நாள் நல்ல நாள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

ஓய்வு பெற்றதும் பாம்பனில் கடலைப் பார்த்த ஒரு வீட்டை வாங்கினோம். அது வள்ளியின் ஆசை. என் மனைவி திருவாடானைப் பக்கம் ஒரு வறண்ட கிராமத்தில் பிறந்தவள். கல்யாணமான புதிதில் ராமேஸ்வரத்துக்குக் கூட்டி வந்தபோது, "படுத்துக்கிட்டே கடலப் பாக்குற மாதிரி ஒரு வீடு கெடைக்குமாங்க?" என்று கேட்டாள். கிடைத்தது. கிடைத்த பிறகு அந்த முன்னறையை நான் வாடகைக்கு விட்டேன். பென்ஷன் இல்லாத வேலை பார்த்தவன் வேறென்ன செய்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாங்கள் சமையலறையை ஒட்டிய பின்னறையில் படுத்தோம்.

முன்னறைக் கட்டிலின் தலைமாட்டை ஜன்னலுக்கு அடியில் வைத்தேன். வாசலில் நின்று படம் எடுத்தால் வெள்ளை விரிப்பும் அதன் பின்னால் நீலக் கடலும் ஒரே படத்தில் வரும். இணையத்தில் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் புக்கிங் செய்தார்கள்.

2. உப்புத் தண்ணீரில் ஒரு பரீட்சை

ஓட்டலில் கற்றதில் பாதி இங்கே உதவவில்லை. அங்கே மெத்தென்ற கனமான டவல்தான் கௌரவம். இங்கே அது அடுத்த விருந்தினர் வரும்வரை காயாது. காய்ந்தாலும் எங்கள் போர்த் தண்ணீரின் உப்பு ஏறி அப்பளம் போல விறைத்து நிற்கும். சாட்டின் நெசவு விரிப்பு கடையில் பளபளவென்று இருந்தது. மணலோடு வருகிறவர்கள் ஒரு சீசன் படுத்ததும் இழை இழையாகப் பிரிந்தது. பாலியஸ்டர் கலந்தது சீக்கிரம் காயும், சுருங்காது, ஆனால் வெயில் காலத்தில் அதன்மேல் படுத்தவர் இரவெல்லாம் புரண்டுகொண்டிருப்பார்.

அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். கரூரிலிருந்து எதை வாங்கினாலும் முதலில் ஒன்றே ஒன்று. அதை வள்ளி எங்கள் தண்ணீரில் துவைத்து, எங்கள் காற்றில் காயப்போட்டு, பின்னறையில் விரித்துப் படுத்துப் பார்ப்பாள். பல சலவை தாண்டியும் நன்றாக இருந்தால் அதே ரகத்தில் கட்டிலுக்கு மூன்று செட் வாங்குவோம். கட்டிலில் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று. தேறாத மாதிரிகள் எங்களோடு தங்கிவிடும்.

ஒருநாள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டே சொன்னாள். "பாஸானது பூராம் முன்னறைக்குப் போயிருது. பெயிலானதெல்லாம் நம்மகூடத்தான் கெடக்கு, உங்களையும் சேத்து."

அவளும் தப்புச் செய்ததுண்டு. தீர்த்தமாடப் போகிறவர்களுக்குத் தனியாக மெல்லிய, அடர்நிறத் துண்டு வைக்கலாம் என்பது அவள் யோசனை. கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, மஞ்சளும் குங்குமமும் விபூதியுமாக ஈரத்தோடு வருகிறவர்கள் வெள்ளை டவலில் முகம் துடைத்தால் அந்த டவல் அத்தோடு போயிற்று. யோசனை சரிதான். ஆனால் அவள் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்த அரக்குச் சிவப்பு சாயம் விட்டு, காரைக்குடியிலிருந்து வந்த ஒரு பெரியவரின் பட்டுக்கரை வேட்டியை இளஞ்சிவப்பாக்கிவிட்டது. அவர் ஹாலில் நின்று கத்தியபோது சமையலறையில் வள்ளி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து கடையிலேயே ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் நிறத்துணி வாங்கினோம். கடைசியில் கருநீலத்தில் நின்றோம்.

கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். சாதா நெசவுப் பருத்தி விரிப்பு போதும், அங்குலத்துக்கு இத்தனை இழை என்ற த்ரெட் கவுண்ட் பெரிதாகத் தேடி அலைய வேண்டாம். டவலின் கனம், சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற ஜிஎஸ்எம் கணக்கில், நானூறு, நானூற்றைம்பதைத் தாண்ட வேண்டாம். விரிப்பு வெள்ளையாக இருக்கட்டும், தீர்த்தத் துண்டு மட்டும் அடர்நிறம்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். புது விரிப்பு போட்ட நாட்களில் வள்ளி சில சமயம் முன்னறை வாசலில் நின்று கேட்பாள். "இன்னைக்கு யாரும் வரலையில்ல? இங்கன படுப்பமா?" சீசன் முடியட்டும் என்பேன். சீசன் முடிந்தால், போட்ட விரிப்பைக் கலைப்பானேன் என்பேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அவள் கேட்பதில்லை என்பதே வெகுநாள் எனக்குத் தெரியவில்லை.

3. தை அமாவாசை

வள்ளிக்குத் தாய் தகப்பன் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். அக்காள் இராக்கம்மாதான் ஊரார் காட்டில் முண்டு மிளகாய் பறித்து அவளைப் படிக்க வைத்தார். அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். பெற்றவர்களை நினைத்துத் தை அமாவாசைக்குத் தீர்த்தமாட அக்காளும் தங்கையும் சேர்ந்து போயிருந்தார்கள். அன்று சாயங்காலம் முன்னறைக்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. நான் காலையிலேயே அறையைத் தயார் செய்துவிட்டு, திரைச்சீலை வாங்க ராமநாதபுரம் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது மதினி அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. வள்ளி அவர் பக்கத்தில் நின்று, அவர் தோளில் போட்டிருந்த வெள்ளை டவலின் நுனியால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தது டவல் நுனியில் இருந்த மஞ்சளைத்தான்.

"மதினி, எந்திரிங்க. கெஸ்ட் வாராக" என்றேன். அவர் எழுவதற்குள் தோளில் கிடந்த டவலை உருவிவிட்டேன்.

"ஈரத்தோட உக்காந்துட்டேன் தம்பி, தெரியல" என்றார். எழுந்தவர் திரும்பி, தான் உட்கார்ந்திருந்த இடத்தின் சுருக்கத்தைத் தன் கையாலேயே தடவிச் சரிசெய்தார்.

அத்தோடாவது நான் நிறுத்தியிருக்கலாம். பின்னறைக்குப் போய், தேறாமல் போன டவல் ஒன்றை எடுத்துவந்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். வள்ளி அதை அக்காளின் கையிலிருந்து எடுத்து, மடித்து, கட்டில்மேல் வைத்தாள்.

"அந்த டவலும் நான் தொவைக்கிறதுதான?" என்றாள். சத்தம் போடவில்லை. அக்காளின் பையை எடுத்துக்கொண்டு, "அக்காவ பஸ் ஏத்திவிட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்காளோடு அவளும் பஸ் ஏறிவிட்டாள்.

மதுரைக் குடும்பம் சாயங்காலம் வந்தது. நான் விரிப்பை மாற்றியிருந்தேன். இரண்டு நாள் தங்கினார்கள். ஒரு கம்ப்ளைண்டும் இல்லை.

4. இரண்டு பேர் வேலை

இரட்டைக் கட்டில் விரிப்பை ஒருவரே மடிக்க ஓட்டலில் சொல்லிக்கொடுப்பார்கள். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான்கு சுவர்களுக்குள் அது முடியும். பாம்பன் காற்றில் முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து இழுத்து உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து, நடுவில் அவள் கையிலிருக்கும் முனைகளை நான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு விரிப்புக்கும் அவள் கை என் கையில் ஒருமுறை படும். அவள் போனபிறகுதான் அதை நினைத்தேன். தனியாக மடிக்கப் போனால் விரிப்பு முகத்தில் வந்து அடிக்கும். மணலில் விழுந்ததை மறுபடி துவைப்பேன்.

ஃபோன் செய்தால் எடுப்பாள். கேஸ் இருக்கிறதா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்பாள். எப்போது வருகிறாய் என்று நான் கேட்டால், அக்கா கூப்பிடுகிறார் என்று வைத்துவிடுவாள். அந்தச் சமயத்தில்தான் தலையணை உறை புதிதாக வாங்க வேண்டி வந்தது. சோதித்துப் பார்க்க ஆளில்லை. கண்ணுக்கு நன்றாக இருந்ததை வாங்கினேன்.

ஒருநாள் துணிந்து மதினியின் ஊருக்குப் போனேன். கையில் புது வெள்ளை டவல்கள் கொண்ட ஒரு கட்டு. கடையில் இருந்ததிலேயே கனமானவை. மதினி நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"இம்புட்டுக் கனமா இருக்கே தம்பி. நனைஞ்சா பிழியுறதுக்கே கூலிக்கு ஆளு வைக்கணும்."

"அன்னைக்கு நான் செஞ்சது தப்பு மதினி" என்றேன். போகிற வழியெல்லாம் வேறு வார்த்தைகள் யோசித்து வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்.

"நான் அத அன்னைக்கே விட்டுட்டேன். விடாதவ உள்ள இருக்கா. அவகிட்டச் சொல்லுங்க."

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "எங்கிட்ட எதுக்கு? எந்தோள்லயா துண்டு கெடந்துச்சு?"

நான் உள்நோக்கிப் பேசினேன். ஆடி அமாவாசைக்கு முன்னறையை யாருக்கும் கொடுக்கவில்லை என்றேன். இரண்டு பேரும் வர வேண்டும், முந்தின நாளே வந்து அங்கே படுத்திருந்துவிட்டுக் காலையில் தீர்த்தமாடப் போகலாம் என்றேன்.

"ஆடி அமாவாசைக்கு ஊரே அடைச்சுக்கிட்டுக் கெடக்கும். கெஸ்ட் வருவாகளே" என்றாள்.

"வந்தா வேற எடம் பாத்துக்கிருவாக."

மதினி என்னைப் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார்.

5. கால்மாட்டில் தலையணை

வந்தார்கள். விருந்தினருக்குச் செய்வதையெல்லாம் செய்தேன். விரிப்பின் மூலைகளை இழுத்து மடக்கிவிட்டேன், டவல்களை வைத்தேன், கருநீலத் துண்டுகளை எடுத்து அலமாரிக்குள் பூட்டினேன். மதினி வெள்ளையிலேயே மஞ்சளைத் துடைக்கட்டும். பிறகு பின்னறைக்குப் போய் அங்கிருந்த தேறாத விரிப்பில் படுத்துக்கொண்டேன்.

விடிந்து அவர்கள் தீர்த்தமாடப் போனபிறகு அறைக்குள் போனேன். இத்தனை வருடத் தொழிலில் கலைந்த படுக்கையைப் பார்த்தே படுத்தவர்களைப் பற்றிச் சொல்லிவிடுவேன். சண்டை போட்ட தம்பதி யார், தூங்காத மனிதர் யார் என்று தெரியும். அக்காளும் தங்கையும் ஒரே பக்கமாக ஒட்டிப் படுத்திருந்தார்கள். மறுபாதியில் நான் போட்ட மடிப்பு அப்படியே இருந்தது. தலையணை இரண்டும் கால்மாட்டில் கிடந்தன.

முதலில் புரியவில்லை. பிறகு நானும் அந்தக் கட்டிலில், அவர்கள் படுத்த மாதிரியே, கால்மாட்டில் தலைவைத்துப் படுத்துப் பார்த்தேன். ஜன்னல் நிறையக் கடல் தெரிந்தது. மாற்றிப் படுத்தால் எதிரே அலமாரிக் கதவுதான். படத்தில் அழகாக இருப்பதற்காக நான் போட்ட கட்டில் அது. அந்த அறையில் எத்தனையோ பேர் தங்கிப் போனார்கள். யாரும் சொல்லவில்லை. நான் ஒருநாளும் அதில் படுத்ததில்லை.

மத்தியானம் அவர்கள் கிளம்பும்போது நான் கொடியில் விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மதினி பையைக் கீழே வைத்துவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்தார். "நல்லா இழுத்துப் பிடிங்க தம்பி, காத்து உங்களையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிரும்" என்றார். வள்ளி பைகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலைத் தாண்டும்போது என்னிடம் சொன்னாள்.

"விரிப்பு நல்லாருக்கு. தலகாணி உறைதான் வேர்க்குது. மாத்துங்க."

அன்றே மாற்றினேன். கட்டிலையும் திருப்பிப் போட்டேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் இப்போது கட்டிலைப் படம் எடுக்க முடிகிறது; அதனால் இணையத்தில் இப்போது இருக்கும் படத்தில் கடல் வராது, கட்டிலும் ஒரு சுவரும்தான். புக்கிங் கொஞ்சம் குறைந்தது. என்னிடம் கேட்கிறவர்களுக்கு இப்போது இதையும் சேர்த்துச் சொல்கிறேன். எந்தத் துணி வாங்கினாலும் முதல் நாள் அதை விருந்தினர் கட்டிலிலேயே விரித்து, உங்கள் வீட்டில் இருப்பவரைப் படுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்களும் படுங்கள். வீட்டாருக்குத் தராததை விருந்தினருக்குத் தந்து பெயர் வாங்க வேண்டாம்.

பெரிய அமாவாசைகளுக்கு வள்ளி அக்காளோடு வருகிறாள். முன்னறையில் ஓரிரவு தங்குகிறாள், கிளம்பிவிடுகிறாள். அந்த நாட்களில் நான் வேறு யாருக்கும் புக்கிங் எடுப்பதில்லை. போனமுறை வந்தபோது புதுத் தலையணை உறையைக் கையால் தடவிப் பார்த்தாள். திருப்பிப் போட்ட கட்டிலில் சாய்ந்து, வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவள் எதையாவது சொல்வாள் என்று வாசலில் நின்றேன். விரிப்பு, டவல், தண்ணீர், எதைப் பற்றியாவது. போயிட்டு வாரேன் என்று மட்டும் சொன்னாள்.

தொழிலில் நான் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி அது நல்ல நாள். எனக்கு அவளிடமிருந்து ஒரு கம்ப்ளைண்ட் வேண்டியிருக்கிறது.