நோன்புத் தூக்கமும் கட்டுவிரியனும்

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பவள் நான். கட்டுவிரியனின் நஞ்சு மனிதனை எப்படி விழுத்தும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். நரம்பின் கட்டளையைத் தசை கேட்க வேண்டுமானால், தசைக் கலத்தின் மென்சவ்வில் உள்ள அயன் கால்வாய் திறக்க வேண்டும், சோடியம் உள்ளே பாய வேண்டும். நஞ்சு போய் அந்தக் கதவில் ஒட்டிக்கொள்ளும். கட்டளை வரும், கதவு திறக்காது. சிலருக்கு அதற்கு முன்பே வயிறு வலிக்கும். தசைகளில் இமைதான் முதலில் விழும். கடி வலிக்காது என்பதால் கடிபட்டவருக்கே பல வேளை விஷயம் தெரியாது.

அது நோன்பு மாதம், பள்ளிக்கூடம் விடுமுறை. அலுவிகாரையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதியை மிளகுச் சாக்குகள் பிடித்திருந்தன. என் கணவர் மிளகு வியாபாரி. விடியுமுன் சஹர் சாப்பிட்டு, சுபஹ் தொழுதுவிட்டு, சாக்குகளுக்குப் பக்கத்தில் பாயை விரித்துச் சாய்ந்துவிடுவார். நோன்புத் தூக்கத்தில் அவரை வெல்ல மாத்தளையில் ஆள் கிடையாது.

அன்று காலை எட்டு மணியிருக்கும். வயிறு வலிக்கிறது என்று முனகினார்.

"சஹருக்கு ரெண்டு பீங்கான் சோறு சாப்பிட்டா வலிக்கத்தானே செய்யும்?" என்றேன். நோன்பாளிக்கு மாத்திரையும் கொடுக்க முடியாது. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், அதே நஞ்சுக் கேள்விதான். இமை விழுவதை எழுத மறந்த ஒரு பிள்ளைக்கு இரக்கமில்லாமல் இரண்டு புள்ளி வெட்டினேன். ஐந்தடி தள்ளி என் கணவரின் இமைகள் விழுந்துகொண்டிருந்தன.

"கண்ணத் தொறங்க. கடைக்குப் போகல்லயா?"

ஏதோ சொன்னார், நாக்குக் குழறியது.

"நோம்பு புடிச்ச எல்லாரும் இப்பிடியா கெடக்காங்க? சோம்பேறி! நடிக்காம எழும்புங்க!"

புரண்டுகூடப் படுக்கவில்லை. எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

அவரைக் கடைக்குக் கூட்டிப்போக வந்த திரீவீலர்காரர் பல்லேபொலைச் சிங்களவர். வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"மிஸ், இது தூக்கம் இல்ல. கரவலா கடிச்சிருக்கு. எங்க தம்பிக்கும் கண் இப்பிடித்தான் விழுந்திச்சு."

கரவலா என்று சிங்களத்தில் கட்டுவிரியனைத்தான் சொல்வார்கள். அயனும் சோடியமும் அந்த மனிதருக்குத் தெரியாது. பாயின் நுனியைத் தூக்கினார். அடியிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று நழுவிச் சாக்குகளுக்குப் பின்னால் போனது. என் சிவப்புப் பேனை எங்கே விழுந்ததென்று இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் நஞ்சுக்கு மருந்து ஏற்றி, மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். நான்கு நாள் ஒரு விரல்கூட அசையவில்லை. பயத்தில் படித்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. அவர் காதருகே குனிந்து, "எழும்புங்க. அல்லாவுக்காக எழும்புங்க. இனி உங்கள ஒரு நாளும் திட்ட மாட்டேன்" என்று அழுதேன்.

ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள்.

"நோம்பு முறிஞ்சிச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன எனக்கு.

"சோம்பேறின்னு நீ திட்டினது பூரா கேட்டிச்சு. பதில் சொல்லத்தான் வாய் வரல்ல."

அந்த நஞ்சு தசையைத்தான் பூட்டும், காதை ஒன்றும் செய்யாது. அதையும் நான்தான் வகுப்பில் படிப்பிக்கிறேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இனித் திட்ட மாட்டேன்னு சொன்னதும் கேட்டிச்சு" என்றவர், மெல்ல இமைகளை மூடினார். "கொஞ்சம் தூங்குறேன்."

"கண்ணத் தொறங்க!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.