மேசையை ஆட்டியது யார்

மாப்பிள்ளை பார்ப்பதில் என் அப்பாவுக்கு ஒரே ஒரு கொள்கைதான். படிப்பு, சம்பளம், கார் எதையும் பெரிதாகக் கேட்க மாட்டார். உட்கார்ந்தபடி காலாட்டுகிறவனுக்கு மட்டும் பெண் கொடுக்க மாட்டார். காலாட்டுகிற வீட்டில் காசு தங்காதாம். தங்கைக்கு வந்த ஒரு நல்ல வரனை இதைச் சொல்லித்தான் கிளப்பி அனுப்பினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த முறை வந்தவர் உலு யாம் ஊர்க்காரர். ரவாங்கில் தங்கை வேலை செய்யும் அதே தொழிற்சாலைதான் அவருக்கும். இருவருக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது, அப்பாவுக்குத்தான் தெரியாது. கோலசிலாங்கூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழங்கால் இடிக்கிற அளவுக்குச் சின்னது. இரும்புக் கால். அன்றைக்கென்று அம்மா தரையைத் தொடும் விரிப்பு ஒன்றைப் போட்டிருந்தார். அப்பாவும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தேநீர் வைத்த கொஞ்ச நேரத்தில் அதில் வளையம் வளையமாக நடுக்கம். அப்பா கோப்பையைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். தங்கையின் முகம் செத்துவிட்டது.

எனக்குச் செம்பனை எண்ணெய் ஆலைகளில் இயந்திரங்களின் அதிர்வை அளக்கிற வேலை. மறுநாள் ஒரு தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்ததால் கருவி வீட்டில்தான் இருந்தது. மேசையோரத்துக் காற்றாடிதான் ஆட்டுகிறது, பார்த்துவிடலாம் என்று சமாளித்து, கருவியின் உணரியை மேசைக் காலில் ஒட்டினேன். நெல்லிக்காய் அளவுதான், அடியில் காந்தம், உள்ளே ஒரு படிகம். மேசை ஆட ஆட அந்தப் படிகம் அழுந்தித் துளி மின்சாரம் கொடுக்கும். கையிலிருக்கும் பெட்டி அதை வாங்கி, கலந்து கிடக்கிற ஆட்டங்களை வேகத்தின்படி பிரித்து, திரையில் தனித்தனிக் கூம்பாக நிறுத்தும். கோயில் மேளத்தில் தவில் தனி, தாளம் தனி என்று காது பிரிப்பதைப் போலத்தான்.

காற்றாடியை அணைத்தேன், ஒரு கூம்பு படுத்தது. குளிர்ப்பெட்டியை அணைத்தேன், இன்னொன்று படுத்தது. நொடிக்கு ஐந்து தடவை ஆடுகிற ஒன்று மட்டும் கம்பீரமாக நின்றது. எங்கள் வீட்டில் எந்த இயந்திரமும் இவ்வளவு நிதானமாக ஆடாது. இது கால்தான். போச்சு, நானே மாப்பிள்ளையைக் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

அப்பா விடவில்லை.

"தம்பி, கொஞ்சம் எந்திரிச்சு அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

மாப்பிள்ளை எழுந்து வாசல்வரை போனார். கூம்பு படுக்கவில்லை. அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. திரையை எட்டிப் பார்க்க எழுந்தார். கூம்பு படுத்துவிட்டது. உட்கார்ந்தார். அதுவும் எழுந்துகொண்டது. மாப்பிள்ளைதான் பாவம், மிசின் பழசா இருக்கும் அங்கிள் என்று அப்பாவைக் காப்பாற்றப் பார்த்தார். அப்பா உடனே அதைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா பலகாரத் தட்டை மேசையில் வைத்தார்.

"மிசின்ல ஒண்ணும் இல்லலா. என்னைப் பாக்க வந்த அன்னிக்கும் நீங்க இப்படித்தான் ஆட்டுனீங்க. பயந்தா உங்களுக்குக் கால் நிக்காது. அதப் பாத்துதான் நான் சரின்னு சொன்னேன்."

அப்பா இரண்டு கைகளாலும் தன் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கல்யாணத்தை எந்த மாதம் வைக்கலாம் என்று மாப்பிள்ளையிடம் கேட்டார்.