காலி என்று காட்டிய டிஸ்க்

ஈரக் கார்பெட் நாற்றமும் ஊதுவத்தி வாசனையும் கலந்து ஒரு காற்று வரும்… ஆவடியில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த பள்ளியின் கம்ப்யூட்டர் லேப் அது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். எல்லா சிஸ்டத்துக்கும் பூப்போட்ட உறை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு தை மாதம் வரை மானிட்டரில் காய்ந்து கிடக்கும்.

பிள்ளைகள் பார்க்கலாம். தொடக் கூடாது.

சாமி அறைக்குக்கூட இவ்வளவு காவல் கிடையாது.

உறையைக் கழற்றினால் உள்ளே ஒரே அவியல். பாதி சிஸ்டம், பாடி பக்கத்து ஃபேக்டரி ஒன்று கழித்துக் கொடுத்தது. மீதி வேறு வேறு காலத்தில் வாங்கியது. ஒன்றில் பழைய விண்டோஸ், இன்னொன்றில் அதைவிடப் பழையது, எல்லாம் திருட்டு சிடியில் போட்டது. யாராவது ஒரு பென் டிரைவைச் செருகினால் லேப் முழுக்க வைரஸ். பிரிண்டருக்கும் பாதி சிஸ்டத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

நான்தான் லேப் இன்சார்ஜ். எல்லாவற்றையும் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றிவிடலாம் என்று தாளாளரிடம் போய் நின்றேன். இலவசம் சார், ஓப்பன் சோர்ஸ், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்று விளக்கினேன். முதல் வார்த்தைக்கு மேல் அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

“துட்டு இல்லல்ல? அப்ப இன்னா வேணா பண்ணிக்க நைனா.”

காலாண்டு லீவு முழுக்க அங்கேயே கிடந்தேன். இருந்ததில் கொஞ்சம் தெம்பான சிஸ்டத்தை சர்வர் ஆக்கினேன். எந்த சிஸ்டத்தில் உட்கார்ந்தாலும் பிள்ளை தன் பெயரைப் போட்டால் சர்வரிலிருந்து தன் வேலை திறக்கும். மெனுவெல்லாம் தமிழில். உறைகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். தொடுங்கள், தட்டுங்கள், கெட்டுப்போனால் நான் இருக்கிறேன் என்றேன்.

அப்போது வந்தவள்தான் கலைவாணி. ஒன்பதாம் வகுப்பு, பாரிவாக்கம். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

“சார், இந்த பாம்பு கேம எப்டி எழுதிக்கிறாங்கோன்னு பாக்கலாமா?”

திறந்து காட்டினேன். அவ்வளவுதான். அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு, அரையாண்டு முடிவதற்குள் சொந்தமாக ஒரு கேம் எழுதிவிட்டாள். பாடி மேம்பாலத்தில் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோ ஓட்ட வேண்டும். கை காட்டுகிறவர்களை ஏற்ற வேண்டும், போலீஸைக் கண்டால் ஓரம் கட்ட வேண்டும். எத்தனை பேரை ஏற்றினால் வண்டி சாயும் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டு வந்து திருத்தினாள். பொங்கல் முடிந்த வாரம் மாவட்ட அறிவியல் கண்காட்சி. எங்கள் பள்ளி சார்பாக அந்த கேம் போவதாக முடிவாகியிருந்தது. அவள் அப்பா அன்றைக்கு வண்டியை நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

நடுவில் வந்தது அட்மிஷன் சீசன்… லேப்பைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு அப்பா, திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்ன சார், கம்ப்யூட்டர்ல தமிழ் வருது? இங்கிலீஷ் மீடியம்னுதானே சொன்னீங்க?”

தாளாளர் முகம் செத்துவிட்டது.

எனக்கு விழுப்புரம் பக்கம். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், எல்லா சிஸ்டத்திலும் பழையபடி விண்டோஸ், அதே திருட்டு சிடி. உறைகூடப் பரணிலிருந்து இறங்கிவிட்டது! சர்வரைத் தேடினேன். அது ஆபீஸ் ரூமில் ஃபீஸ் ரசீது அடித்துக்கொண்டிருந்தது.

தாளாளர் சொல்லி மாற்றிய சர்வீஸ்காரருக்கு போன் போட்டேன்.

“அதுல ரெண்டு டிஸ்கு இருந்துச்சி பாஸ். ரெண்டுமே காலியாத்தான் காட்டுச்சி. ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சி… பண்ட்டேன்.”

லினக்ஸ் டிஸ்கை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததால் அழிக்கட்டுமா என்று கேட்கும். இந்த மகராசன் சரி என்று அமுக்கிவிட்டார். முதல் டிஸ்கில் பிள்ளைகளின் வேலை, இரண்டாவதில் அதன் பேக்கப். கலைவாணியின் கேம் இரண்டிலும் இருந்தது. இரண்டிலும் போனது.

தாளாளர் அறைக்குப் போய்க் கத்தினேன். வாழ்க்கையில் அப்படி யாரிடமும் கத்தியதில்லை.

“கேம்தானே நைனா… பாடமா பூட்ச்சி? வுடு.”

கலைவாணியிடம் நானே போய்ச் சொன்னேன். சரி சார் என்றாள். கண்காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து தெர்மாகோல் எரிமலை போனது. அதை வேனில் சாயாமல் பிடித்துக்கொண்டு போகிற வேலையை அவளிடம் கொடுத்தார்கள். எனக்கு அன்றே அந்தப் பள்ளி விட்டுப்போயிற்று. வருடக் கடைசியில் கிளம்பிவிட்டேன்.

இப்போது வானகரத்தில் ஃப்ளாட், ஐடி வேலை. எங்கள் கம்பெனி சர்வர் அத்தனையும் ஓடுவது லினக்ஸில்தான். யாரும் முகம் சுளிப்பதில்லை… இவ்வளவு காலம் கழித்துப் போன வாரம் தாளாளரே போன் செய்தார்.

“விண்டோஸுக்கு லைசென்ஸு லைசென்ஸுன்னு சாவடிக்கிறானுங்கோ. அதான் ஓப்பன் சோர்ஸ் லேப்பு தொறக்கிறோம். இந்த ஏரியாவுலயே நாமதான் ஃபர்ஸ்ட்டு! நீங்கோ சீஃப் கெஸ்டா வர்ணும் சார்.”

நைனா போய் சார் வந்துவிட்டது. கலைவாணியைக் கூப்பிடுங்கள், அவள் வந்தால் நானும் வருகிறேன் என்றேன்.

“யாரு அது?”

போனை வைத்துவிட்டேன்.

கலைவாணி பத்தாவது முடித்து காமர்ஸ் எடுத்தவள். பூந்தமல்லியில் பெயிண்ட், குழாய் விற்கிற ஒரு ஹார்டுவேர் கடையில் பில்லிங் பார்க்கிறாள். அவளை போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பின்னால் யாரோ ஆணி விலை கேட்டார், விலையைச் சொல்லிவிட்டு போனுக்குத் திரும்பினாள்.

“நாள் பூரா எவனோ எழுதுன சாஃப்ட்வேர்ல பில்லு போட்டுகினு கீறேன் சார்… அன்னிக்கு நீங்கதான் கத்துனீங்கோ. எனக்குக் கோவமே வர்ல. இப்பதான் சார் வருது.”